ஒரே கூரையின் கீழ் இரண்டு வருகைப் பதிவேடுகள்

அரசின் உதவி பெறும் கல்லூரி ஒன்றில் நான் வரலாறு கற்பித்துவந்த காலத்தில், காலைதோறும் கையொப்பமிடச் செல்லும் அலுவலக மேஜையின்மீது இரண்டு வருகைப் பதிவேடுகள் அருகருகே விரித்து வைக்கப்பட்டிருக்கும். ஒன்று கனத்த அட்டையிட்டு, முதுகில் சிவப்புத் துணி ஒட்டி, பெயருக்கு எதிரே பதவியும் பணியில் சேர்ந்த நாளும் எழுதப்பெற்ற பெரிய ஏடு. மற்றொன்று ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் புதிதாய் வாங்கப்பெறும் நீளக் குறிப்பேடு. அதில் பெயர்கள் மட்டுமே இருக்கும். முன்னதை ‘எய்டட்’ என்றும் பின்னதை ‘எஸ்.எஃப்.’ என்றும் கடைநிலை ஊழியர் முதல் கல்லூரி முதல்வர் வரை எல்லோரும் சொல்லிப் பழகியிருந்தோம். சுயநிதிப் பிரிவு என்று தமிழில் எழுதுவது அரசாணையில்தான். இரண்டு ஏடுகளிலும் கையொப்பமிட்டவர்கள் ஒரே பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தையே கற்பித்தார்கள். ஒரே தேர்வின் விடைத்தாள்களையே திருத்தினார்கள். இரண்டாவது ஏட்டில் இருந்தவர்களுள் பலர் எங்களைக் காட்டிலும் உயர்ந்த பட்டங்களைப் பெற்றவர்கள். ஆயினும் என் ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்கையும் எட்டாத தொகுப்பூதியத்திற்கு, கோடை விடுமுறை மாதத்திற்குச் சம்பளம் உண்டா என்பதும், அடுத்த ஜூனில் வாங்கப்போகும் குறிப்பேட்டில் தம் பெயர் ஏறுமா என்பதும் நிச்சயமில்லாத நிலையில் அவர்கள் பணியாற்றினார்கள்.

உயர்கல்வி நிர்வாகத்தைச் சீர்திருத்துவது குறித்துக் குழுக்களும் ஆணையங்களும் அளித்த அறிக்கைகள் பலவற்றை நான் சிரத்தையுடன் வாசித்திருக்கிறேன். அவற்றில் எதுவும் அந்த மேஜையளவுக்கு விஷயத்தை எனக்குத் தெளிவாக்கியதில்லை. கல்விக்குப் பொருள் கொடுக்கும் பொறுப்பிலிருந்து அரசு சிறுகச் சிறுக விலகிக்கொண்டது. கல்வியை ஆளும் அதிகாரத்தை மட்டும் கைவிடவில்லை. மாணவரிடமிருந்து பொருள் திரட்டும் உரிமையைத் தனியார் பெற்றுக்கொண்டனர். ஆசிரியனைப் பேணும் கடமையை ஏற்கவில்லை. இவ்விரண்டு கைகளுக்கும் இடையே நழுவி விழுந்தவன் வகுப்பறையில் நிற்பவனே என்பதுதான் தமிழ்நாட்டின் கடந்த நாற்பதாண்டு உயர்கல்வி வரலாற்றைப் பற்றிய என் அபிப்பிராயம்.

தனியார் பணம் கல்விக்குள் வருவது நம் நாட்டில் புதிய சங்கதி அன்று. 1794இல் காலமான பச்சையப்ப முதலியாரின் உயில், நெடுநாள் வழக்காடலுக்குப் பிறகு, 1842இல் சென்னையில் ஒரு பள்ளியாக உருப்பெற்றது. அது பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் 1929இல் எழுந்த சர்வகலாசாலையும் அவ்வழியில் வந்ததே. இவற்றுக்கெல்லாம் சிகரமாக என் தலைமுறையினர் கேட்டு வளர்ந்த செய்தி ஒன்றுண்டு. 1947 ஜூலையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார், செல்வர்கள் சிற்றூர்களில் கல்லூரிகள் தொடங்க முன்வர வேண்டும் என்று விண்ணப்பித்தார். அக்கூட்டத்திலேயே எழுந்து வாக்களித்த அழகப்பச் செட்டியார், அடுத்த மாதமே காரைக்குடியில் கல்லூரியைத் திறந்துவிட்டார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைத் தம் ஊருக்குக் கொண்டுவரும்பொருட்டு 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் அள்ளிக் கொடுத்தார். கொடுத்த பணம் திரும்பி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அந்தத் தர்மத்தின் தன்மையே அதுதான்: பணம் ஒரு திசையில் மட்டும் சென்றது.

அத்தகைய கல்லூரிகள் கொடையால் மட்டும் வாழ்ந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கையிலிருந்து தொடங்கிய உதவி மானிய முறையின்படி, கட்டடமும் நிலமும் தர்மகர்த்தாக்களுடையவை, ஆசிரியர் ஊதியத்தின் பெரும்பகுதி அரசினுடையது என்று ஓர் உடன்பாடு மெல்ல உருவாயிற்று. 1976ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் அந்த ஏற்பாட்டுக்கு முதுகெலும்பாக அமைந்து, நிர்வாகியின் கோபத்துக்கு ஆளான ஆசிரியனை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாத நிலையை ஏற்படுத்தியது. சிவப்புத் துணி ஒட்டிய ஏட்டின் கனம் அந்தச் சட்டத்தின் கனமே.

1984இல் திசை மாறியது. அதுவரை கிண்டி, கோவை, மதுரை, காரைக்குடி என்று விரல்விட்டு எண்ணத்தக்க பொறியியல் கல்லூரிகளே இங்கிருந்தன. இடம் கிடைக்காத மாணவர்கள் கர்நாடகத்துக்குச் சென்று நன்கொடை கொடுத்துச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். நம் பணம் வெளிமாநிலத்துக்குப் போவானேன் என்ற வாதத்தோடும், புதிய கல்லூரிகளைத் தொடங்க அரசிடம் நிதி இல்லை என்ற காரணத்தோடும், எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி அளித்தது. அவற்றின் தொகை பின்னர் ஐந்நூற்றைத் தாண்டியது. இந்தத் தீர்மானத்தை முழுவதும் பழித்துப் பேச என் மனம் ஒப்பவில்லை. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 ஆக இருந்தபோது, தமிழ்நாட்டின் விகிதம் 47 ஆக இருந்தது. அரசுக் கல்லூரிகளை மட்டும் வைத்துக்கொண்டு அந்த நிலையை நாம் எட்டியிருக்க முடியாது. தறிநெசவு செய்யும் குடும்பத்திலும் கரும்பு வெட்டும் குடும்பத்திலும் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர்கள் இந்தக் கல்லூரிகளின் பேருந்துகளில் ஏறித்தான் போனார்கள். 2010இல் வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை அவர்களுடைய பெற்றோரின் நெஞ்சில் இருந்த பாரத்தைப் பெரிதும் இறக்கி வைத்தது. இவ்வளவும் உண்மை. கல்லூரிகள் பெருகியது பிழையாகாது. பெருகியவற்றை எந்த அளவுகோலால் ஆள்வது என்று எவரும் முன்கூட்டி ஆலோசிக்கவில்லையே என்பதுதான் என் மனக்குறை.

அந்த ஆலோசனையை நீதிமன்றங்களே செய்ய நேர்ந்தது. 1992இல் மோகினி ஜெயின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, கர்நாடகத்தின் தனியார் மருத்துவக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாயும், அம்மாநிலத்தவருக்கு 25,000 ரூபாயும், வெளிமாநிலத்தவருக்கு 60,000 ரூபாயும் கட்டணம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. நன்கொடை வாங்குவது அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பாயிற்று. அவ்வாண்டிலேயே தமிழ்நாடும் நன்கொடையைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. மறு ஆண்டு உன்னிகிருஷ்ணன் வழக்கில், பாதி இடங்கள் அரசுக் கட்டணத்திலும் மறுபாதி உயர்கட்டணத்திலும் நிரப்பப்பட வேண்டும் என்று ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. கேட்க நியாயமாகத் தோன்றிய அத்திட்டம், நடைமுறையில், நகரத்து நல்ல பள்ளிகளில் படித்து மதிப்பெண் பெற்ற வசதியான வீட்டுப் பிள்ளையின் செலவை, மதிப்பெண் குறைந்த கிராமத்துப் பிள்ளையின் தகப்பன் கடன்பட்டுச் சுமப்பதாய் முடிந்தது. 2002 அக்டோபர் 31ஆம் நாள் பதினொரு நீதிபதிகள் கூடி அளித்த டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளைத் தீர்ப்பு அத்திட்டத்தை நீக்கி, கல்வி நிலையம் லாப வியாபாரமாகக் கூடாது, வளர்ச்சிக்கு வேண்டிய நியாயமான உபரி இருக்கலாம் என்றது. அதன்பின் 2003இலும் 2005இலும் வந்த தீர்ப்புகளின் வழியே, ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் கட்டணக் குழுக்கள் அமைந்தன. இங்ஙனம் மாணவன் செலுத்தும் தொகைக்கு மேல்வரம்பு காக்க ஓர் ஏற்பாடு உண்டாயிற்று; ஆசிரியன் பெறும் தொகைக்குக் கீழ்வரம்பு காக்க அதற்கு நிகரான பலமுள்ள ஏற்பாடு எதுவும் உண்டாகவில்லை. கட்டணத்தை உயர்த்த முடியாத நிர்வாகி, செலவில் எதைக் குறைப்பான்? கட்டடம் கண்ணுக்குத் தெரியும், பேருந்து கண்ணுக்குத் தெரியும், சம்பளம் தெரியாது.

என் நண்பர் ஒருவரின் மகன் இயந்திரவியலில் முதுகலைப் பட்டம் பெற்றுப் பொறியியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியனாய்ச் சேர்ந்தான். சேர்ந்த அன்றே அவனுடைய மூலச் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கிப் பூட்டிவைத்துக்கொண்டது. நடுவில் விலகினால் திரும்பக் கிடைப்பது எளிதன்று. ஏப்ரல், மே மாதங்களில் பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளின் பட்டியலைக் கையில் கொடுத்து, ‘அட்மிஷன்’ பிடிக்க ஊர் ஊராய் அனுப்பினார்கள். இத்தனை பிள்ளைகளைச் சேர்த்தால்தான் சம்பளம் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. அவன் என்னிடம் விவரித்தவற்றுள் என் நெஞ்சைவிட்டு அகலாதது ‘இன்ஸ்பெக்‌ஷன்’ நாள் ஒன்றின் கதை. முந்தின நாள் இரவு வரை அறைகளின் கதவுகளில் புதுப் பெயர்ப் பலகைகள் மாட்டப்பட்டன. காலையில் அவன் அதற்கு முன் கண்டிராத சிலர், கையில் கோப்புடனும் கழுத்தில் கல்லூரியின் அடையாள அட்டையுடனும் வந்து அவன் துறை அறையில் அமர்ந்தார்கள். குழு வந்தபோது பெயர், தகுதி, அனுபவம் ஆகியவற்றைத் தெளிவாய்ச் சொன்னார்கள். பிற்பகலில் வேன் ஏறிச் சென்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவர் கிளம்பும்போது இவனிடம், “தம்பி, இங்க ஒழுங்கா சம்பளம் போடுறாங்களா?” என்று கேட்டாராம். அவரும் எங்கோ ஓரிடத்தில் ஆசிரியராய் இருக்கிறவரே.

இது ஒரு கல்லூரியின் கதை மட்டும் அன்று என்பது 2024 ஜூலையில் வெளிப்பட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் 224இல், 353 ஆசிரியர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் முழுநேரப் பணியாளராகக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஆவணங்களோடு வெளியிட்டது. பல்கலைக்கழகம் தானே ஆராய்ந்து பார்த்தபின், ஏறத்தாழ 2,000 பணியிடங்களில் 189 பேரின் பெயர்களே மாறி மாறி வந்திருப்பதாகத் துணைவேந்தர் தெரிவித்தார். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்த விகிதத்தை 2018இலேயே 20 மாணவருக்கு ஒருவர் என்று தளர்த்திவிட்டது. தளர்த்திய விகிதத்துக்கும் ஆளில்லாமல் பெயர்கள் மட்டும் கல்லூரி கல்லூரியாய்ப் பயணம் செய்திருக்கின்றன. ஆய்வுக்குழு கட்டடத்தின் சதுர அடியை அளக்கிறது, நூலகத்தின் புத்தகங்களை எண்ணுகிறது, ஆய்வகத்தின் கருவிப் பட்டியலைச் சரிபார்க்கிறது. ஆசிரியனைப் பொறுத்தவரை காகிதத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறது. ஓர் ஆசிரியன் உண்மையில் அங்கே பணியாற்றுகிறானா என்பதற்கு மாதந்தோறும் அவனுடைய வங்கிக் கணக்கில் விழும் ஊதியத்தைக் காட்டிலும் நல்ல சாட்சி வேறெது? அந்த ஊதியத்தை, பெயரோடும் துறையோடும், கல்லூரி வாசலில் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்திருந்தால், அந்த வேன் ஓடியிராது என்றே நான் கருதுகிறேன். பெற்றோர் கட்டணத்தைக் கேட்டு அறிவது போல ஆசிரியர் சம்பளத்தையும் கேட்டு அறியும் உரிமை பெற்றால், சந்தை என்று சொல்லப்படுவதுகூட ஓரளவேனும் நேர்மையாய் இயங்கும்.

தன்னாட்சி என்ற சொல்லுக்கு நேர்ந்த மாற்றத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1978இல் தமிழ்நாட்டின் சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி அளிக்கப்பட்டபோது, எதைக் கற்பிப்பது, எவ்வாறு தேர்வு நடத்துவது என்று ஆசிரியர்கள் தாமே தீர்மானிக்கலாம் என்ற உற்சாகம் அதில் இருந்தது. பாடக்குழுக் கூட்டங்களில் இரவு வரை விவாதித்த மூத்தவர்களை நான் அறிவேன். 2018இல் பல்கலைக்கழக மானியக்குழு கொண்டுவந்த தரவரிசைத் தன்னாட்சியோ, உயர்ந்த தரம் பெற்ற நிறுவனங்கள் குழுவின் முன்னனுமதியின்றிப் புதிய பாடப்பிரிவுகளைத் தொடங்கலாம், அவை சுயநிதி முறையில் இருக்க வேண்டும் என்றது. சிந்திப்பதற்கான சுதந்திரமாய்ப் பிறந்த சொல், வசூலிப்பதற்கான சுதந்திரமாய் வளர்ந்துவிட்டது. 2024-25 முதல் தகுதிவாய்ந்த பொறியியல் கல்லூரிகளுக்கு மாணவர் எண்ணிக்கையின் உச்சவரம்பும் நீக்கப்பட்டது. நகரத்துப் பெரிய கல்லூரிகள் கணினி அறிவியல் பிரிவுகளைப் பெருக்கின; சிறிய ஊர்களின் கல்லூரிகளில் கட்டுமானவியலும் இயந்திரவியலும் படிக்க ஆளில்லாமல் வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கின்றன. என் நண்பரின் மகன் இப்போது வேறு தொழிலில் இருக்கிறான்.

தனியாரை மட்டும் சொல்வது நியாயமாகாது; பொதுப் பல்கலைக்கழகங்களையும் அரசு சந்தைக்குள் தள்ளிவிட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொடங்கிய தொலைதூரக் கல்வி, நாடெங்கும் மையங்களைப் பரப்பி, வருமானத்தின் பேராறாய்ப் பெருகியது. அந்த வருமானம் என்றும் வற்றாது என்று நம்பி ஆட்களை நியமித்துக்கொண்டே போனார்கள். மாநில எல்லைக்கு வெளியே மையங்கள் கூடாது என்று மானியக்குழு கட்டுப்பாடு விதித்ததும் ஆறு வற்றத் தொடங்கியது. 2012இல் ஊதியம் கொடுக்க இயலாத நிலை வந்தபோது பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே பணியில் இருந்தனர். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அரசு அப்பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொண்டு, மிகுதியாயிருந்தவர்களைப் பிற அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பியது. சிதம்பரத்தில் நிகழ்ந்ததை ஒரு குடும்பத்தின் நிர்வாகப் பிழை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் கதை அதற்கு இடம் தராது.

2024 பிப்ரவரியில், ஏறத்தாழ 424 கோடி ரூபாய் வரி நிலுவை என்று கூறி, வருமான வரித்துறை சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பணம் எடுக்க முடியாமல் ஒரு நூற்று அறுபத்தாறு வயதுச் சர்வகலாசாலை திகைத்து நின்றது. வரித்துறையின் வாதத்தை நிதானமாய்ப் படித்தபோதுதான் விஷயத்தின் ஆழம் எனக்கு விளங்கிற்று. அரசால் முழுமையாகவோ கணிசமாகவோ நிதியளிக்கப்படும் பல்கலைக்கழகத்துக்கு வரிவிலக்கு உண்டு. கணிசம் என்றால் மொத்த வருவாயில் பாதிக்கு மேல் அரசு மானியமாய் இருக்க வேண்டும் என்பது விதி. சில ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த மானியம் அந்தப் பாதியை எட்டவில்லை. அதாவது, அரசு தன் பங்கைக் குறைத்த காரணத்தாலேயே, மாணவர் கட்டணத்தாலும் தேர்வுக் கட்டணத்தாலும் உயிர் தரித்த குற்றத்துக்காக, அரசின் மற்றொரு கை அதனிடம் வரி கேட்டது. மானியம் குறைந்தது என்ற செய்தியை நாம் இருபதாண்டுகளாகக் கணக்கேடுகளில் படித்துக் கடந்து போனோம். அந்தக் குறைவு பாதிக்கோட்டைத் தாண்டிய கணத்தில், சட்டத்தின் கண்ணில், அது பொதுப் பல்கலைக்கழகமாக இருப்பதே சந்தேகத்துக்குரியதாகிவிட்டது.

அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் லட்சுமணசுவாமி முதலியார் 1942 முதல் 1969 வரை இருபத்தேழு ஆண்டுகள் துணைவேந்தராய் இருந்தார். ஒருவரே அவ்வளவு காலம் இருந்தது சரியா என்பது வேறு வினா. 2023 ஆகஸ்டில் காலியான அதே நாற்காலி ஈராண்டுகளுக்குப் பின்னும் நிரப்பப்படாமல், ஒருங்கிணைப்புக் குழு ஒன்றின் கையில் நிர்வாகம் நடந்தது. துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா, மாநில அரசா என்ற தகராறில், 2022இல் சட்டமன்றம் மசோதாக்களை நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஆளுநர் நிறுத்திவைத்திருந்த பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றனவாகக் கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. மறு மாதமே, துணைவேந்தர் நியமனம் பற்றிய திருத்தங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கே அந்த அதிகாரம் உரியது என்பது என் கட்சி. ஆயினும் கையொப்பமிடுகிற கை எது என்று இத்தனை காலம் வழக்காடியவர்கள், அந்தக் கை பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு கொடுக்கப்போகிறது என்று ஒரு நாளேனும் அதே உக்கிரத்துடன் வாதாடியதை நான் கேட்டதில்லை.

அரசு தன் சொந்தக் கல்லூரிகளிலும் சந்தையின் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாத துறைகளைக் கௌரவ விரிவுரையாளர்கள் ஆண்டுக்கணக்காய் நடத்திவருகிறார்கள். மாதம் 50,000 ரூபாய் வரை அளிக்கலாம் என்று மானியக்குழு 2019இல் சொல்லியிருக்க, இங்கே அவர்கள் பெறுவது அதில் பாதியளவே. அரசே இவ்வாறு செய்யும்போது தனியார் நிர்வாகியைக் கண்டிக்கும் தகுதி எங்கிருந்து வரும்?

2025 அக்டோபரில் தனியார் பல்கலைக்கழகச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பல்கலைக்கழகம் தொடங்கத் தேவையான நிலத்தின் அளவு மாநகரங்களில் 25 ஏக்கர் வரை குறைக்கப்பட்டு, அரசு உதவி பெறும் கல்லூரிகளும் தனியார் பல்கலைக்கழகங்களாய் மாறிக்கொள்ள வழி திறக்கப்பட்டது. ஆசிரியர் சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்தன. சில நாட்களிலேயே அரசு மறுபரிசீலனை செய்வதாக அறிவித்தது. அறிவிப்பைக் கேட்டு நான் ஆறுதல் அடைந்தேன் எனினும், அத்திருத்தம் எந்த மனோபாவத்தில் பிறந்தது என்ற கவலை தீரவில்லை. தர்மத்துக்கென்று எழுதிவைக்கப்பட்ட நிலத்தில், மக்கள் வரிப்பணத்தில் ஊதியம் பெற்ற ஆசிரியர்களின் உழைப்பால் பெயர் பெற்ற ஒரு கல்லூரியை, ஒரு சட்டத்திருத்தத்தால் தனியுடைமைக்கு நிகராக்கிவிடலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது; அவையில் அது நிறைவேறியும் இருக்கிறது.

நான் ஓய்வுபெற்ற நாளில், பழக்கத்தின் காரணமாக மாலையிலும் அலுவலகத்துக்குச் சென்றேன். கண்காணிப்பாளர் சிவப்புத் துணி ஒட்டிய ஏட்டைத் திறந்து, அளவுகோல் வைத்து, என் பெயரின்மேல் ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் கோடு விழாத பெயர்கள் நான்கே இருந்தன. என் இடத்துக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டேன். “போஸ்ட் ஃபில்லப் பண்ண இன்னும் அனுமதி வரலீங்க ஐயா, உங்க கிளாஸை அந்தப் பொண்ணுக்குக் கொடுத்திருக்கோம்” என்று சொல்லி, பக்கத்திலிருந்த நீளக் குறிப்பேட்டைக் காட்டினார். ஆறாண்டுகளாய் அந்தக் குறிப்பேட்டில் கையொப்பமிட்டு வந்தவள், என்னிடமே படித்தவள், முனைவர் பட்டம் பெற்றவள். மறுநாள் காலை முதல் மணிக்கு அவள் என் மாணவர்களுக்குப் பிரெஞ்சுப் புரட்சியைக் கற்பிக்க வேண்டியிருந்தது; அதற்கான என் பழைய குறிப்புகளை வாங்கிக்கொள்ள வாசலில் காத்து நின்றாள்.